ரேஞ்சர்ஸ் அணியில் 10-ம் நம்பர்: ஸ்காட்லாந்து போன பாலா தேவி அங்கே என்ன சாதித்தார்? முழு விவரம்

2020 டிசம்பர் 6. ஸ்காட்லாந்து பெண்கள் பிரீமியர் லீக்கில் ரேஞ்சர்ஸ் அணியும் மதர்வெல் அணியும் மோதின. ரேஞ்சர்ஸ் கோல் மழை பொழிந்துகொண்டிருந்தது. 65-வது நிமிடத்தில் மாற்று வீராங்கனையாக ஒருவர் உள்ளே வந்தார். 85-வது நிமிடத்தில் அவரும் ஒரு கோல் அடித்தார். ஆட்டம் 9-0 என முடிந்தது.

ஒன்பதில் ஒன்று. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அது பெரிய செய்தி இல்லை. ஆனால் அன்று ராத்திரி இந்தியாவில் விளையாட்டுச் செய்தி பார்த்த எல்லோர் போனிலும் அந்த ஒரு கோல்தான் ஓடியது. அடித்தவர் மணிப்பூரைச் சேர்ந்த ங்காங்கோம் பாலா தேவி. ஐரோப்பாவில் ஒரு முதல்நிலை தொழில்முறை லீக்கில் கோல் அடித்த முதல் இந்தியர் என்று அப்போது கொண்டாடினார்கள்.

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் பள்ளி மைதானத்தில் காலையில் பந்து உருட்டும் பெண் பிள்ளைகளிடம் "ஃபுட்பால் ஆடி என்ன கண்ணு பண்ணப் போற?" என்று கேட்டுப் பாருங்கள். "போலீஸ் வேலை, ஸ்போர்ட்ஸ் கோட்டா" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். பாலா தேவியும் போலீஸ்தான். மணிப்பூர் போலீஸில் வேலை, மணிப்பூர் போலீஸ் அணிக்காகவே ஆட்டம். அப்படிப்பட்டவர் எப்படி கிளாஸ்கோ வரை போனார்? போன இடத்தில் என்ன நடந்தது? ஒரே ஒரு கோலுக்கா இவ்வளவு பேச்சு? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் இந்த பாலா தேவி?

1990 பிப்ரவரி 2-ல் பிறந்தவர். ஊர், மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்டத்தில் இருக்கும் இரெங்பாம். சின்ன வயதில் பையன்களோடு சேர்ந்துதான் ஆடிப் பழகினார். 15 வயதிலேயே இந்திய அணிக்கு வந்துவிட்டார். பின்னால் கேப்டனும் ஆனார். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் சிறந்த வீராங்கனை விருது 2014, 2015 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் இவருக்குத்தான்.

இவர் ஆட்டம் எப்படிப்பட்டது என்று தெரிய ஒரு கணக்கு போதும். 2018-19 இந்திய மகளிர் லீக்கில் ஏழு ஆட்டங்களில் 26 கோல். ஆமாம், ஏழே ஆட்டம்தான்!

அந்த சீசனின் இறுதிப் போட்டி 2019 மே மாதம் லூதியானாவில் நடந்தது. மணிப்பூர் போலீஸை 3-1 என்று வீழ்த்தி கோப்பையைத் தூக்கியது யார் தெரியுமா? நம்ம மதுரையின் சேது எஃப்சி. அதற்கு முந்தைய வருடம், 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் மகளிர் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் தமிழ்நாடு அணி மணிப்பூரை 2-1 என வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றது. அதாவது பாலா தேவியின் அணியும் அவருடைய மாநிலமும் தமிழ்நாட்டுப் பெண்களிடம் தோற்றிருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரேஞ்சர்ஸ் எவ்வளவு பெரிய கிளப்?

1872-ல் தொடங்கிய கிளப். ஊர் கிளாஸ்கோ. சொந்த மைதானம் ஐப்ராக்ஸ், 50 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அதே ஊரில் இருக்கும் செல்டிக் கிளப்தான் ஜென்மப் பகையாளி. இந்த இரண்டு அணியும் மோதினால் ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெருமை எல்லாம் ஆண்கள் அணி சம்பாதித்தது. ஸ்காட்லாந்தில் பெண்கள் கால்பந்தை அப்போது ஆட்டிப்படைத்தது கிளாஸ்கோ சிட்டி என்ற இன்னொரு கிளப். 2020-21 சீசனில் அவர்கள் வாங்கியது தொடர்ந்து 14-வது பட்டம்! அந்த ஆதிக்கத்தை உடைக்கத்தான் ரேஞ்சர்ஸ் 2019 வாக்கில் தன் பெண்கள் அணியில் பணத்தைக் கொட்டி, முழுநேர தொழில்முறை அணியாக மாற்ற ஆரம்பித்தது. வெளியில் இருந்து ஆட்களைத் தேடியது. பாலா தேவிக்குக் கதவு திறந்தது அந்த நேரத்தில்தான்.

கூப்பிட்டது யார்? எப்படி?

ஸ்காட்லாந்தில் இருந்து ஒருவர் மணிப்பூர் மைதானத்துக்கு வந்து திறமையைக் கண்டுபிடித்தார் என்று சினிமாவில் வேண்டுமானால் காட்டலாம். நடந்தது வேறு.

2019 செப்டம்பரில் ரேஞ்சர்ஸும் பெங்களூரு எஃப்சியும் ஒரு கூட்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. சேலத்தில் இருந்து ரயிலில் ஏறினால் நாலைந்து மணி நேரத்தில் போய்விடுகிற அதே பெங்களூருதான். பயிற்சி, இளம் வீரர்கள், வியாபாரம் எல்லாம் அதில் அடக்கம். இந்தியாவில் ரசிகர்களைப் பிடிக்க வேண்டும் என்ற கணக்கு ரேஞ்சர்ஸுக்கு இருந்தது. அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, நவம்பரில், பாலா தேவி கிளாஸ்கோவுக்கு டிரையல் போனார். டிரையல் என்றால் ஒரு மணி நேரம் பந்து தட்டிக் காட்டுவது இல்லைங்க. அணியோடு சேர்ந்து பல நாள் பயிற்சி செய்ய வேண்டும். ஓட்டம், உடல் தகுதி, பந்து வாங்கும் முதல் தொடுதல், பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துப்போவது என எல்லாவற்றையும் பயிற்சியாளர்கள் குறித்துக்கொள்வார்கள். அதில் தேறினார். 2020 ஜனவரி 29-ம் தேதி 18 மாத ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 30-வது பிறந்தநாளுக்கு நாலு நாள் முன்பு!

"இது வெறும் விளம்பரத்துக்காக எடுத்த ஆள்" என்று அப்போதே சிலர் முணுமுணுத்தார்கள். அதில் பாதி உண்மை. அறிமுகம் கிடைத்தது வியாபார ஒப்பந்தத்தால்தான். ஆனால் விளம்பரத்துக்கு மட்டும் ஆள் வேண்டும் என்றால் 30 வயதைத் தொடப்போகும் ஸ்ட்ரைக்கரை டிரையல் வைத்துத் தேர்ந்தெடுத்து, 10-ம் நம்பர் ஜெர்சியையும் கையில் கொடுக்க மாட்டார்கள். கால்பந்தில் 10-ம் நம்பர் என்பது சாதாரண எண் இல்லை. அணியின் தாக்குதலுக்கு மூளையாக இருப்பவர்கள் போடுவது. பீலே, மரடோனா, மெஸ்ஸி எல்லாம் போட்ட எண் என்று சொன்னால் உங்களுக்கே புரியும்.

விசாவில் ஏன் சிக்கல் வரவில்லை?

இந்த இடத்தில் சுனில் சேத்ரியின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 2009-ல் இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் (பெயர் ஒத்துப்போனாலும் இது லண்டன் கிளப், வேறு) சேத்ரியை மூன்று வருடத்துக்கு எடுக்க ஒப்புக்கொண்டது. ஆனால் பிரிட்டன் அரசு வேலை அனுமதி தரவில்லை. காரணம், ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்கும் நாட்டு வீரருக்குத்தான் அனுமதி என்ற விதி. இந்திய ஆண்கள் அணி அப்போது 100-க்கும் அப்பால். இந்தியாவின் மிகச் சிறந்த ஸ்ட்ரைக்கர், கிளப் ரெடி, ஒப்பந்தம் ரெடி, ஆனாலும் போக முடியவில்லை.

ஐரோப்பாவுக்கு வெளியில் இருந்து பிரிட்டனுக்கு ஆடப் போகிறவருக்கு விசாவுக்கு முன்னால் அந்த ஊர் கால்பந்து சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலுக்குப் பார்க்கிற பெரிய விஷயம், உங்கள் நாடு தரவரிசையில் எங்கே இருக்கிறது, நாட்டுக்காக நீங்கள் எத்தனை ஆட்டம் ஆடினீர்கள் என்பதுதான். இந்தியப் பெண்கள் அணி 2020 தொடக்கத்தில் 50-களில் இருந்தது. பாலா தேவி பத்து வருடத்துக்கு மேல் நாட்டுக்காக ஆடியவர். ஆண்களுக்கு மூடியிருந்த கதவு பெண்களுக்குத் திறந்தது இப்படித்தான். நம்ம ஊரில் பெண்கள் கால்பந்தை யாரும் பார்ப்பதில்லை என்று சொல்கிறோம். உலகக் கணக்கில் ஆண்களை விடப் பெண்கள்தான் முன்னால் நிற்கிறார்கள்.

ஏழு ஆட்டத்தில் 26 கோல் அடித்தவருக்கு அங்கே ஏன் கோல் வரவில்லை?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பதில் மூன்று நான்கு இடங்களில் இருக்கிறது.

முதலில் லீக். 2018-19 இந்திய மகளிர் லீக் என்று நாம் சொல்வது, உண்மையில் ஒரே ஊரில் சில வாரங்களில் முடிந்துபோன ஒரு டோர்னமென்ட். பலமான அணிகளும் இருந்தன, ரொம்பப் பலவீனமான அணிகளும் இருந்தன. பலவீனமான அணி மாட்டினால் ஒரே ஆட்டத்தில் அஞ்சாறு கோல் கூட அடிக்கலாம். ஸ்காட்லாந்து முதல் பிரிவில் அந்த சீசனில் மொத்தமே எட்டு அணி. ஒவ்வொரு அணிக்கும் 21 ஆட்டம், மாதக்கணக்கில் ஓடும். தினமும் பயிற்சி செய்யும் பெண்களோடு மோத வேண்டும்.

அடுத்தது இடம். இங்கே அணியே பாலா தேவியைச் சுற்றி ஆடியது. பந்து கிடைத்தால் அவரிடம் கொடு, அவர் பார்த்துக்கொள்வார். அங்கே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரைக்கர்கள் இருந்தார்கள். புதிதாக வந்தவர் பெஞ்சில் காத்திருந்து, கடைசி 20, 25 நிமிடம் கிடைக்கும்போது தன்னைக் காட்ட வேண்டும். மதர்வெல்லுக்கு எதிரான கோலும் அப்படிக் கிடைத்த நிமிடங்களில் வந்ததுதான்.

பிறகு உடம்பு. ஸ்காட்லாந்து கால்பந்து தோளோடு தோள் இடித்து ஆடும் ஆட்டம். நம் வீராங்கனைகள் பந்தைக் காலில் வைத்து ஏமாற்றிப் போவதில் கெட்டிக்காரிகள், ஆனால் உயரத்திலும் எடையிலும் ஒரு படி குறைவு. குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிசம்பரில் கிளாஸ்கோவில் மதியம் மூன்றே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மே மாத சேலத்து வெயிலில் ஆடிப் பழகியவர்கள் அந்த ஈரக் குளிரில் ஓடுவதை நினைத்துப் பாருங்கள். மணிப்பூரும் குளிர் பிரதேசம்தானே என்று கேட்டால், குளிர்தான், ஆனால் இந்த மாதிரிக் குளிர் இல்லை.

இது எல்லாவற்றையும் விடப் பெரிய அடி, கொரோனா.

போய் இறங்கிய ஒன்றரை மாதத்தில் உலகம் நின்றது

பாலா தேவி சேர்ந்தது ஜனவரி கடைசியில். ஸ்காட்லாந்து பெண்கள் லீக் பிப்ரவரியில் தொடங்கியது. மார்ச் நடுவில் எல்லாம் நிறுத்தப்பட்டது. அந்த சீசனே செல்லாது என்று ரத்தானது. யாருக்கும் பட்டம் இல்லை, கணக்கும் இல்லை.

ஒரு ஸ்ட்ரைக்கருக்கு 18 மாதம் என்பது ரொம்பக் குறைவான காலம். புது நாடு, புது மொழி உச்சரிப்பு, புது சாப்பாடு, புது ஆட்ட முறை என எல்லாம் பிடிபடவே ஆறு மாதம் போகும். அந்த ஆறு மாதத்தையும் அவர் ஊரடங்கில் கழித்தார். புது சீசன் அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவும் ஒழுங்காக ஓடியதா? இல்லை. 2021 ஜனவரியில் மறுபடி நிறுத்தி, ஏப்ரலில் மறுபடி தொடங்கினார்கள். ரேஞ்சர்ஸ் மூன்றாம் இடம் பிடித்தது. பேருக்கு ஒன்றரை வருட ஒப்பந்தம். பந்து உருண்ட மாதங்களை மட்டும் விரல் விட்டு எண்ணினால் ஒரு கையைத் தாண்டிக் கொஞ்சம்தான் வரும்.

அதற்குப் பிறகு 2021-ல் முழங்கால். விளையாட்டு உலகில் எல்லோரும் பயப்படும் ஏசிஎல் காயம். தொடை எலும்பையும் கால் எலும்பையும் முழங்காலுக்குள் இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு முக்கியமான தசைநார் கிழிவதுதான் இது. யாரும் இடிக்கக்கூட வேண்டாம், ஓடும்போது சட்டென்று திரும்பினாலே போதும். அறுவை சிகிச்சை செய்து, நடந்து, ஓடி, மறுபடி மைதானத்துக்கு வர ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். பெண் வீராங்கனைகளுக்கு இந்தக் காயம் ஆண்களை விட அதிகமாக வருகிறது என்பது மருத்துவர்கள் பலமுறை எச்சரித்த விஷயம். ஃபுட்பால் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனிக்கணும். ஓடுவதற்கு முன் சரியாக வார்ம்-அப் செய்வது, தொடைக்கும் இடுப்புக்கும் வலு கொடுக்கும் பயிற்சி, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடங்காமல் பழகுவது என்று இதைத் தடுக்கும் வழிகள் இருக்கின்றன. காசு செலவில்லாத வழிகள்.

31 வயதில் வந்த காயம். பாலா தேவி ரேஞ்சர்ஸில் காலூன்ற வேண்டிய காலத்தை அது தின்றுவிட்டது. இதில் ஒரு வருத்தமான பொருத்தம், 2021-22 சீசனில்தான் ரேஞ்சர்ஸ் பெண்கள் அணி முதன்முறையாக ஸ்காட்லாந்து சாம்பியன் ஆனது.

இதற்கு முன்னால் யாரும் போனதில்லையா?

போயிருக்கிறார்கள். அதுவும் வெறுங்காலோடு!

1936. கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப் லீக் பட்டங்களை வரிசையாக அள்ளிக்கொண்டிருந்த காலம். 1934 முதல் 1938 வரை அஞ்சு வருடம் தொடர்ந்து அவர்கள்தான். அந்த அணியின் விங்கர் முகமது சலீம். கப்பலேறி பிரிட்டன் போனார். ஸ்காட்லாந்தில் கடை வைத்திருந்த அவருடைய சொந்தக்காரர் ஹாசிம், செல்டிக் மேனேஜர் வில்லி மேலியைப் பார்த்து, "இந்தியாவில் இருந்து பெரிய ஆட்டக்காரர் ஒருத்தர் வந்திருக்கிறார், ஆனால் அவர் பூட்ஸ் போடாமல்தான் ஆடுவார்" என்று கேட்டுக்கொண்டாராம். மேலி சிரித்தார், ஆனால் வாய்ப்புக் கொடுத்தார்.

சலீமின் காலில் துணிக் கட்டுப் போடும் ஒரு பழைய புகைப்படம் இன்றும் இருக்கிறது. கட்டுப் போடுபவர், முன்னாள் நட்சத்திர வீரர் ஜிம்மி மெக்மெனமி. அந்தக் கட்டோடு செல்டிக்கின் இரண்டாம் நிலை அணிக்காக இரண்டு ஆட்டம் ஆடினார். ஹாமில்டன் அணியை 5-1, கால்ஸ்டன் அணியை 7-1 என செல்டிக் வென்றது. அடுத்த நாள் ஸ்காட்லாந்து பத்திரிகைகள் அவரை ஒரு வித்தைக்காரர் மாதிரி எழுதித் தள்ளின. செல்டிக் நிறுத்திவைக்கப் பார்த்தது. ஆனால் சலீமுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. கொல்கத்தாவுக்கே திரும்பிவிட்டார். நன்கொடை ஆட்டம் ஒன்றில் தனக்குத் தர வந்த பங்கையும் அநாதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார் என்று சொல்வார்கள்.

சலீமுக்கும் பாலா தேவிக்கும் நடுவில் 84 வருடம். முதலில் போனவர் செல்டிக், அடுத்து போனவர் அதன் எதிரி ரேஞ்சர்ஸ். இரண்டு பேருமே ஆடிய ஆட்டங்கள் கொஞ்சம்தான். ஒருவரைத் திருப்பி அனுப்பியது ஊர் ஏக்கம், இன்னொருவரை நிறுத்தியது நோய்த்தொற்றும் முழங்காலும்.

'முதல் இந்தியப் பெண்' என்பது சரியா?

இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கோல்கீப்பர் அதிதி சௌஹான் 2015-லேயே இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணிக்கு ஆடிவிட்டார். அவர் அங்கே படிக்கப் போனவர், படிப்போடு சேர்த்து ஆடினார். அந்த அணியும் அப்போது முழுநேர அணி இல்லை. பாலா தேவிக்கு ஆட்டமே வேலை, அதற்கே சம்பளம். அதனால் 'வெளிநாட்டில் முழுநேர தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண்' என்று நீட்டிச் சொல்வதுதான் நியாயம். சுருக்கிச் சொன்னால் அதிதிக்கு அநியாயம்.

அதன் பிறகு யார் யார் போனார்கள்?

2022-ல் மட்டும் பாருங்கள். பஞ்சாபின் மனிஷா கல்யாண் சைப்ரஸ் நாட்டின் அப்போலன் கிளப்புக்குப் போய், ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். சேது எஃப்சிக்காக ஆடி நமக்கெல்லாம் பழக்கமான டாங்மேய் கிரேஸ் உஸ்பெகிஸ்தானின் நசாஃப் கிளப்புக்குப் போனார். ஜோதி சௌஹானும் சௌமியா குகுலோத்தும் குரோஷியாவின் டினாமோ ஜாக்ரெப் அணியில் ஆடினார்கள். 2020-க்கு முன்னால் இந்தப் பட்டியலே கிடையாது. இவர்கள் எல்லோரும் பாலா தேவியால்தான் போனார்கள் என்று சொன்னால் அது மிகை. ஆனால் இந்தியப் பெண் ஒருவரை எடுக்கலாமா என்று ஒரு ஐரோப்பிய கிளப் யோசிக்கும்போது, ஏற்கெனவே ஒருத்தர் வந்து ஆடினார் என்ற பதில் மேஜையில் இருந்தது.

நம்ம ஊர்ப் பெண்ணுக்கு வழி என்ன?

சேலத்திலோ நாமக்கல்லிலோ ஆடும் ஒரு பெண்ணுக்கு நேராக கிளாஸ்கோவுக்கு வண்டி கிடையாது. பாலா தேவி போன பாதையைத் திருப்பிப் பார்த்தால் படிகள் தெரியும். பள்ளி, மாவட்ட அணி, மாநில அணி, இந்திய மகளிர் லீக்கில் ஒரு கிளப், அதன் மூலம் இந்திய அணி. இந்திய ஜெர்சி இல்லாமல் பிரிட்டன் மாதிரி நாட்டில் வேலை அனுமதி வாங்குவது மிகக் கடினம் என்பதை மேலே பார்த்தோம். எனவே வெளிநாட்டு ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு, "டிரையலுக்குப் பணம் கட்டுங்க, ஐரோப்பா அனுப்புறோம்" என்று யாராவது போன் செய்தால் உஷாராக இருங்கள். திறமையைக் கேட்காமல் முதலில் பணத்தைக் கேட்கும் இடத்தில் கால் வைக்க வேண்டாம்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்தாவது முடித்ததும் "போதும் விளையாட்டு" என்று நிறுத்தும் வீடுகள் இங்கே நிறைய. பாலா தேவிக்கு அந்த ஒப்பந்தம் கிடைத்தது 29 வயதில், முதல் சர்வதேச ஆட்டத்துக்கு ஒன்றரை பத்தாண்டு கழித்து. அதுவரை போலீஸ் வேலைதான் சோறு போட்டது. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை கனவைக் கொன்றுவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அவருக்கு அந்த வேலைதான் காத்திருக்க நேரம் வாங்கிக் கொடுத்தது.

இப்போது பாலா தேவி எங்கே?

அறுவை சிகிச்சை செய்த முழங்காலோடு திரும்பி வந்தார். இந்திய அணியிலும் மறுபடி இடம் பிடித்தார். 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய மகளிர் சாம்பியன்ஷிப்பில் பாகிஸ்தானை இந்தியா 5-2 என வென்றது. அதில் பாலா தேவி அடித்தது நாட்டுக்காக அவருடைய 50-வது கோல். இந்தியப் பெண்களில் அந்த எண்ணைத் தொட்ட முதல் ஆள். அப்போது அவருக்கு வயது 34.